கையெழுத்து இல்லாத கடிதம்: 'நான்' என்ற நினைப்பின் வரலாறு

மயிலாடும்பாறைப் பக்கம் யாராவது கொஞ்சம் மிதப்பாக நடந்தால் அவருக்குச் சூட்ட ஊரில் பெயர்கள் நிறைய உண்டு. திமிர், மண்டைக்கனம், கொழுப்பு, ஏத்தம். காலேஜ் பக்கம் போனால் 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி'. இவை எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யமானது கிராமத்தில் பெரியவர்கள் சொல்வது: "அவனுக்கு 'நான்'ங்கிற நெனப்பு."

இந்த வார்த்தையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தன்மை ஒருமைப் பிரதிபெயரான 'நான்' இங்கே ஒரு நோயின் பெயராகிவிட்டது. அது மட்டுமில்லை, அந்த நோய் ஒரு குணமோ உடலின் ஒரு உறுப்போ அல்ல, வெறும் 'நெனப்பு'. 'நெனப்புத்தான் பொழப்பைக் கெடுக்கும்' என்ற பழமொழியும் சும்மா வந்ததில்லை போலிருக்கிறது. அகந்தை என்பது மனதில் எழும் ஒரு நினைப்பு மட்டும்தானா, அல்லது மனதை நடத்துகிற ஒரு ஆளா? உலகத்தின் பெரிய தத்துவவாதிகளும் மனநல மருத்துவர்களும் மோதிக்கொண்ட கேள்வி இது. இதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. அந்தக் கதையின் முக்கியமான ஆதாரம் 1896-ல் மதுரையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதிவிட்டுப் போன நாலு வரிக் கடிதம்.

முதலில் வார்த்தைகள்

'ஈகோ' லத்தீன் சொல். பொருள் வேறொன்றுமில்லை, 'நான்' என்பதுதான். ஃப்ராய்ட் 1923-ல் வியன்னாவில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் 'ஈகோ' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. அவர் எழுதியது ஜெர்மன் மொழியின் சாதாரணமான 'இஷ்', அதாவது 'நான்'. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் 'ஈகோ'வைக் கொண்டுவந்து டாக்டர் கோட்டு மாட்டிவிட்டார்கள். அங்கிருந்து அது நம் சினிமா வசனத்துக்கு வந்தபோது பொருள் மறுபடி மாறி 'வீம்பு' ஆகிவிட்டது. ஃப்ராய்டின் ஈகோவுக்கும் வீம்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவருடைய 'நான்' உள்ளிருந்து தள்ளும் ஆசைகளுக்கும் வெளியுலகத்தின் நெருக்கடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சமாளிக்கிற ஒரு நிர்வாகி. அது பலமாக இருந்தால்தான் மனிதன் நலமாக இருப்பான். வைத்தியம் என்பதே அதைப் பலப்படுத்துவதுதான்.

நம்மிடம் இருந்த பழைய கணக்கு வேறு. வேதாந்தம் அகக்கருவிகளை நான்காகப் பிரித்தது: மனம், புத்தி, சித்தம், அகங்காரம். மனம் ஒன்றைப் பற்றும், சந்தேகப்படும். புத்தி முடிவு செய்யும். அகங்காரம் 'இது என்னுடையது' என்று முத்திரை குத்தும். சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போய் அகங்காரம் வேறு, ஆணவம் வேறு என்றது. அகங்காரம் மாயையிலிருந்து தோன்றும் ஒரு கருவி. ஆணவமோ செம்பில் களிம்பு போல உயிரோடு ஆதியிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கும் மலம். இன்று இரண்டு சொல்லையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். சித்தாந்தப் பாடம் கேட்டவர்களுக்கு இது காதில் கல் விழுந்த மாதிரி இருக்கும்.

ஆக இரண்டு தரப்புமே 'நான்' என்பதை உள்ளே இருக்கிற ஏதோ ஒரு பொருளாகவோ கருவியாகவோ வைத்துத்தான் பேசின. கிராமத்துப் பெரியவர் சொல்கிற மாதிரி, அது ஒரு நினைப்பு மட்டும்தான் என்று யாராவது துணிந்து சொன்னார்களா?

1896, மதுரை

மயிலாடும்பாறை வழியாக ஓடுகிற வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் தண்ணீரையும் தேனிப் பக்கம் சேர்த்துக்கொண்டு மதுரைக்குப் போகிறது. 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, பெரியாற்றுத் தண்ணீர் முதல்முறையாக மலையைத் துளைத்த சுரங்கம் வழியே இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அப்போது தேனியும் மயிலாடும்பாறையும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தன. அந்தப் புதுத் தண்ணீர் வந்த மறு வருஷம், மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

பெயர் வேங்கடராமன். ஊர் திருச்சுழி, பிறந்தது 1879 டிசம்பர் 30. அப்பா சுந்தரமய்யர் அங்கே வக்கீலாக இருந்தவர், 1892-ல் இறந்துவிட்டார். பையன் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்தான். படிப்பு சுமார். ஃபுட்பால், குஸ்தி என்றால் உயிர். தூங்கினால் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஞானி ஆகப்போகிற லட்சணம் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

1896 ஜூலை நடுவில் ஒரு நாள், உடம்புக்கு ஒன்றுமில்லாதபோதே, செத்துப்போய்விடப் போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. டாக்டரையோ சித்தப்பாவையோ கூப்பிடத் தோன்றவில்லை. சாவு வந்துவிட்டது, சரி, சாவது எது என்று பார்த்துவிடலாம் என்று பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, வாயை இறுக்கி மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டான். இந்த உடம்பு எரிந்து போகும், அதோடு 'நான்' என்பதும் போகுமா? உடம்பு கட்டையாகக் கிடந்தும் உள்ளே ஏதோ ஒன்று அசையாமல் இருப்பது தெரிந்தது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாவு பயம் அதோடு போயிற்று. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவரின் வாழ்க்கையில் திருப்புமுனை இது.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவன் அதே வீட்டில் இருந்தான், பள்ளிக்கும் போனான். ஆனால் எதிலும் ஒட்டவில்லை. ஆகஸ்ட் 29 அன்று, படிக்காமல் வந்ததற்குத் தண்டனையாக இங்கிலீஷ் இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. இரண்டு தடவை எழுதி முடித்து மூன்றாவதில் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் நாகசாமி எரிச்சலோடு, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி கேட்டார். நியாயம்தானே என்று தம்பிக்குத் தோன்றியது! ஸ்கூலில் எலெக்ட்ரிசிட்டி பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அப்படியானால் என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள் என்றார் அண்ணன். (வீட்டை விட்டு ஓடுகிறவனுக்கு அண்ணனே வழிச்செலவு கொடுத்த கதை.) பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனம் வரைதான் ரயில் என்று கணக்குப் போட்டு, மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். டிக்கெட் விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. திருவண்ணாமலைக்கே புது ரயில் பாதை வந்துவிட்டது அந்தப் பழைய அட்லஸுக்குத் தெரியாது. செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை.

அந்தக் கடிதம்

அவன் வைத்துவிட்டுப் போன கடிதம் மிகச் சிறியது. தகப்பனைத் தேடி, அவர் கட்டளைப்படி கிளம்பியதாகத் தொடங்குகிறது. யாரும் கவலைப்பட வேண்டாம், தேடுவதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்பது விஷயம். வரலாறு படிப்பவர்கள் இதில் கவனிக்க வேண்டியது பிரதிபெயர்களை. முதல் வாக்கியத்தில் எழுதியவர் 'நான்'. அடுத்த வாக்கியத்துக்கு வருவதற்குள் அதே ஆள் 'இது' ஆகிவிடுகிறார். கடைசியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெயரே இல்லை, வெறும் கோடு.

பதினாறு வயதில் தத்துவப் புத்தகம் எதுவும் பெரிதாகப் படிக்காத பையன் எழுதியது. உபதேசமாகவும் எழுதவில்லை, யாருக்கும் நிரூபிக்கவும் எழுதவில்லை. ஃபீஸ் கட்டாத சமாச்சாரத்தைச் சொல்ல எழுதினான். அதனால்தான் இது நல்ல ஆதாரம். ஒரு ஆள் தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதைவிட, அவசரத்தில் எழுதும்போது எந்தச் சொல் தானாக வந்து விழுகிறது என்பது அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மாறாக, அந்த ஜூலை அனுபவத்தைப் பற்றி நாம் இன்று படிக்கிற விவரிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகமெங்கும் எடுத்தாளப்படும் அந்தப் பகுதி 1931-ல் வெளிவந்த ஆங்கில வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. எழுதியவர் பி. வி. நரசிம்ம சுவாமி. துறவு பூணுவதற்கு முன் சேலத்தில் பெரிய வக்கீல், பின்னால் ஷீரடி சாய்பாபாவைத் தென்னாட்டில் பரப்பியவரும் இவரே. அதில் ரமணர் 'நான் பயந்தேன், நான் படுத்தேன், நான் யோசித்தேன்' என்கிற தோரணையில் வரிக்கு வரி தன்மையில் பேசுகிறார். ஆனால் நரசிம்ம சுவாமி நேர்மையான மனிதர். அடிக்குறிப்பில் உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறார்: இவை ரமணரின் அப்படியே சொற்கள் அல்ல, அவர் பொதுவாக ஆள் குறிப்பில்லாமல்தான் பேசுவார், 'நான்' 'நீ' என்று அழுத்திச் சொல்வது அபூர்வம், தமிழ் மொழியின் இயல்பு அப்படிப் பேசுவதற்கு ரொம்பவும் வசதியானது என்று.

தமிழ் பேசுகிற யாருக்கும் இது உடனே விளங்கும். 'பசிக்குது' என்றால் போதும். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் 'எனக்கு'தான், 'நான்' அல்ல. 'பயம் வந்தது', 'தோணிச்சு', 'தெரிஞ்சுது', 'தூக்கம் வருது' எல்லாம் இதே ரகம். பசியும் பயமும் தூக்கமும் தாமாக வந்து போகின்றன, அவற்றைச் செய்கிற ஆள் வாக்கியத்தில் இல்லை. ஆங்கிலத்தில் இந்தக் கதையே நடக்காது. அங்கே ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஒரு 'ஐ'யை நிறுத்தியே ஆக வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். ஆக, 'நான்' கரைந்துபோனதைச் சொல்லும் உலகப் புகழ்பெற்ற பத்தி, மொழிபெயர்ப்பின் கட்டாயத்தால் 'நான்'களால் நிரம்பி வழிகிறது!

மணலில் எழுதிய பதில்கள்

திருவண்ணாமலையில் முதல் சில வருஷங்கள் அவருக்குப் பெயர்கூட இல்லை. 'பிராமண சுவாமி' என்றார்கள். தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர் பெயரும் ஊரும் சொன்னால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தபிறகுதான் 'வேங்கடராமன், திருச்சுழி' என்று இங்கிலீஷில் எழுதிக்காட்டினார். 'ரமண மகரிஷி' என்ற பெயரும் அவர் வைத்துக்கொண்டதில்லை, 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி வைத்தது.

1902 வாக்கில், தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை ஆபீஸ் காரியமாகத் திருவண்ணாமலை வந்தார். காலேஜில் தத்துவம் படித்தவர். படித்தது போதவில்லை என்பதால்தானோ என்னவோ, விரூபாக்ஷ குகையில் இருந்த இருபத்திரண்டு வயதுச் சாமியாரிடம் போய் முதல் கேள்வியாக 'நான் யார்?' என்று கேட்டார். சாமியார் அப்போது பேசுவதில்லை. விரதம் என்று இல்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் எழுதப்பட்டன. எழுதியது அழிந்தது. மீந்தது பிள்ளையின் ஞாபகமும் நோட்டுப்புத்தகமும்.

இருபது வருஷம் அந்த நோட்டுப்புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. பிள்ளை அதை வெளியிட்டது 1923-ல், தான் எழுதிய பாடல்களோடு சேர்த்து. ஃப்ராய்டின் நூல் வந்த அதே வருஷம்! வியன்னாவில் 'நான்' என்ற தலைப்போடு ஒன்று, தமிழ்நாட்டில் 'நான் யார்?' என்ற தலைப்போடு ஒன்று. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பற்றி ஒன்றும் தெரியாது. தற்செயல்தான், அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டாம். ஆனால் ஒப்பிட்டுப் படிக்க நல்ல ஜோடி.

பிறகு அந்தச் சின்னப் புத்தகத்துக்கு நடந்ததும் வேடிக்கை. பதிப்புக்குப் பதிப்பு கேள்விகளின் எண்ணிக்கை மாறியது, ஒன்றில் 28, இன்னொன்றில் 30. முதல் பதிலில் உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல, மூச்சு நான் அல்ல என்று நீளும் பட்டியல் அவர் அவ்வளவு விரிவாகச் சொன்னதல்ல, வேதாந்தம் படித்த பிள்ளை தனக்குப் பழக்கமானதைச் சேர்த்துக்கொண்டது என்று ரமணரே பின்னால் சொன்னதாக அன்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1920களின் நடுவில் ரமணர் கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு முன்பத்தி சேர்த்து, முழுவதையும் கட்டுரையாகத் தாமே மாற்றி எழுதினார். ஆக இதன் ஆசிரியர் யார்? கேட்டவரா, சொன்னவரா, சேர்த்தவரா?

அதில் இருக்கும் வாதம் என்ன? சுருக்கமாக இப்படி. மனம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால் மனம் என்று மிச்சம் ஒன்றும் நிற்காது, சந்தைக் கூட்டம் கலைந்தபின் 'சந்தை' என்று எதையும் காட்ட முடியாத மாதிரி. அந்த எண்ணங்களுக்குள் முதலில் எழுவது 'நான்' என்ற எண்ணம். அது எழுந்த பிறகுதான் 'நீ', 'அது' எல்லாம். எனவே அகந்தை மனதின் நான்கில் ஒரு பகுதி இல்லை. மனதுக்கு முதலாளியும் இல்லை. மனதின் வேரே அதுதான், அதுவும் ஒரு எண்ணம்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'அரியர் விழுந்துடுமோ' என்ற எண்ணம் வருகிறது. சாதாரணமாக என்ன செய்வோம்? அதோடு சண்டை போடுவோம், அல்லது அதன் பின்னாலேயே போய் வீட்டில் என்ன சொல்வார்கள், வேலை கிடைக்குமா என்று ஐம்பது எண்ணம் பெருக்குவோம். ரமணர் வழி இரண்டும் இல்லை. இந்தக் கவலை யாருக்கு? எனக்கு. சரி, அந்த 'நான்' யார், எங்கிருந்து எழுகிறது? இதற்கு வார்த்தையில் பதில் சொல்லக்கூடாது. 'நான் ஆத்மா' என்று மனப்பாடமாகச் சொல்வதும் இன்னொரு எண்ணம்தானே. கவனம் கவலையை விட்டு, கவலைப்படுகிறவன் மேல் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் அந்த ஆள் பிடிபடமாட்டான் என்பதுதான் அவர் சொன்ன சேதி. இங்கே மறுபடி தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது: 'யாருக்கு?' என்ற நான்காம் வேற்றுமைக் கேள்வி தமிழில் எவ்வளவு இயல்பாக விழுகிறது பாருங்கள். ஆங்கிலத்தில் அதையே கேட்டால் கோர்ட்டு சம்மன் மாதிரி ஒலிக்கும்.

1928-ல் முருகனார் தூண்ட, அவர் இதையே உள்ளது நாற்பதில் இன்னும் கூர்மையாக வைத்தார். உடம்பு ஜடம், அது 'நான்' என்று சொல்லாது. உள்ளே இருக்கும் உணர்வோ பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டிலும் சேராத ஒன்று உடம்பளவாகத் தன்னை எண்ணிக்கொண்டு எழுகிறது. அதுதான் அகந்தை. பற்றிக்கொள்ள ஒரு உருவம் கிடைக்கும்வரைதான் அதற்கு உயிர்.

ஒப்புக்கொள்ளாதவர்கள்

இதில் பாதியை ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 1739-லேயே சொல்லிவிட்டார். உள்ளே போய் 'நானை'த் தேடினால் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவது ஒரு உணர்வுதான் தட்டுப்படுகிறது, 'நான்' என்று தனியாக ஒன்று அகப்படவில்லை என்றார். வித்தியாசம் என்னவென்றால், அகப்படவில்லை என்றதும் ஹியூம் சலித்துப்போய் நண்பர்களோடு விளையாடப் போய்விட்டார். ரமணருக்கு அகப்படாமல் போவதுதான் விஷயமே.

மறுபக்கம் பலமான எதிர்ப்பு கார்ல் யுங்கிடமிருந்து. இந்திய அறிவியல் காங்கிரஸின் வெள்ளிவிழாவுக்காக 1937-38 குளிர்காலத்தில் இந்தியா வந்தவர் தென்னாடு வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. நண்பர் ஹைன்ரிஷ் ஸிம்மர் ரமணரைப் பற்றி ஜெர்மனில் எழுதிய நூல், ஸிம்மர் இறந்த மறு வருஷம் 1944-ல் வெளிவந்தபோது யுங் முன்னுரை எழுதினார். அதில் போகாததற்குச் சமாதானம் சொல்வதோடு, திருவனந்தபுரத்தில் தான் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறார். சாதாரணப் பள்ளி ஆசிரியர், பெரிய குடும்பம். குகையில் இருக்கும் ஞானியைவிட, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே ஞானத்தைத் தேடும் இந்த மனிதர்தான் யுங்குக்குப் பெரியவராகத் தெரிந்தார்.

யுங்கின் கேள்வி நியாயமானது. அறிகிறவன் என்று ஒருவன் இல்லாவிட்டால் 'அறியப்பட்டது' என்று யார் சொல்வது? 'நான்' முழுக்க இல்லாத ஒரு விழிப்புநிலையைத் தன்னால் கற்பனை செய்யவே முடியவில்லை என்றார் அவர். ரமணர் தரப்பு இதற்கு ஆழ்ந்த தூக்கத்தைக் காட்டும். தூங்கும்போது 'நான் இன்னார்' என்பது இல்லை, உலகமும் இல்லை, ஆனாலும் நாம் இல்லாமல் போய்விடவில்லை, எழுந்ததும் 'சுகமா தூங்கினேன்' என்கிறோம். இந்த இடம்தான் வாதத்தில் சற்றுப் பலவீனமானது என்று சொல்ல வேண்டும். சுகமாகத் தூங்கியதாகச் சொல்வது எழுந்தபிறகு வருகிற 'நான்'தானே? அது அப்போது இருந்து பார்த்துச் சொல்கிறதா, உடம்பின் அலுப்பு போனதை வைத்து ஊகித்துச் சொல்கிறதா? இரவும் பகலும் தர்க்கம் செய்தாலும் தீராது. ரமணரும் தர்க்கத்தால் தீரும் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள் என்றார். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அந்தப் பதில் போதாது என்பது வேறு விஷயம்.

பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

கேள்வி கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளையின் மிச்ச வாழ்க்கையைப் பலரும் கவனிப்பதில்லை. பதில் கிடைத்ததும் அவருடைய 'நான்' பறந்துபோய்விடவில்லை. சர்க்கார் வேலையில் இருப்பதா விடுவதா என்று வருஷக்கணக்காகத் தவித்து 1910-ல் ராஜினாமா செய்தார். 1913-ல் மனைவி இறந்தார். மறுமணம் செய்துகொள்வதா, பெண் பிள்ளைகளைக் கரையேற்றுவது எப்படி, பணத்துக்கு என்ன வழி என்று மறுபடி தவிப்பு. 'நான் யார்?' என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்ட அதே மனிதர், பத்து வருஷம் கழித்து 'நான் என்ன செய்வது?' என்று கலங்கி நின்றார். கடைசியில் மறுமணம் செய்துகொள்ளாமல் எளிமையாகவே வாழ்ந்து முடித்தார். புத்தகம் வெளிவந்தது இந்தத் தவிப்பெல்லாம் முடிந்த பிறகு. அதோடு அவர் சேர்த்து அச்சிட்ட சொந்தப் பாடல்கள் இந்தக் கஷ்டகாலத்தையும் பற்றியவை. நாற்பது பக்கம் கூட இல்லாத ஒரு தத்துவ நூலுக்கு அவை நல்ல உரை.

ரமணருக்கும் உலகம் 'நான்' இல்லாமல் விட்டுவிடவில்லை. 1922-ல் அம்மா அழகம்மாள் இறந்து, சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. நிலம், கட்டடம், நன்கொடை, சமையல்கட்டு, மாடுகள். சொத்து வந்தால் வழக்கு வரும். 1930களில் முன்னாள் நிர்வாகி ஒருவர் கோர்ட்டுக்குப் போக, ரமணரை ஆசிரமத்திலேயே வைத்துக் கமிஷன் மூலம் விசாரித்தார்கள். எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர், அதாவது பிரம்மசாரியா, கிருகஸ்தரா, வானப்பிரஸ்தரா, சன்னியாசியா என்று கேட்டார்கள். நான்கிலும் இல்லை, அதற்கு அப்பாற்பட்ட அதியாசிரமம் என்றார். சட்டப் புத்தகத்தில் அதற்கு எந்தப் பிரிவு என்று வக்கீல்கள் தேடியிருப்பார்கள்!

இனி இப்படி வழக்கு வரக்கூடாது என்று 1938-ல் உயில் எழுதப்பட்டது. நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்த சுவாமிக்கும் அவருக்குப் பின் அவர் வழியினருக்கும். உயில் என்பது 'நான்' என்ற சொல்லை நம்பி நிற்கிற காகிதம். எழுதுகிறவன் இன்னான், சொத்து இன்னானுடையது, இன்னானுக்குப் போகிறது என்று திட்டவட்டமாக இருந்தால்தான் செல்லும். பத்திரம் வாசித்துக் காட்டப்பட்டது, சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். ரமணர் தம் முறை வந்தபோது, நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் செய்த அதே காரியத்தைச் செய்தார். பெயர் எழுதவில்லை, ஒரு கோடு போட்டார். அந்த உயில் செல்லுபடியாயிற்று.